ஒற்றை ஆள் கச்சேரி: ஹங்கேரியின் தெகெரோவும் அதன் சொந்தங்களும்

ஹங்கேரியின் பெருஞ்சமவெளியில், டிசா ஆற்றை ஒட்டிய சென்டெஷ் ஊரைச் சுற்றி, தனித்தனியாகத் தள்ளி நிற்கும் பண்ணைவீடுகள் உண்டு. நூறு வருஷத்துக்கு முன் அந்த வீடுகளில் ஒன்றில் கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் என்றால் ஆட்டம். ஆட்டம் என்றால் மூன்று வேண்டும்: பாட்டு, சுருதி, தாளம். வயலின் கோஷ்டியை வரவழைத்தால் நாலைந்து பேருக்குக் கூலியும் சாப்பாடும் கொடுக்க வேண்டும். அதற்கு வழியில்லாத வீட்டுக்கு ஒரே ஒருவர் வருவார். கிட்டார் போல இடுப்பு ஒடுங்கிய ஒரு மரப்பெட்டியை மடியில் கிடத்தி, வாரால் உடம்போடு கட்டிக்கொள்வார். வலக்கை ஒரு கைப்பிடியைச் சுற்றும், இடக்கை கட்டைகளை அழுத்தும். பாட்டும் சுருதியும் தாளமும் அந்த ஒரே பெட்டியிலிருந்து வரும்.

அந்தப் பெட்டியின் பெயர் தெகெரோலான்ட். பேச்சு வழக்கில் சுருக்கமாக தெகெரோ. ஹங்கேரிய மொழியில் ‘தெகெர்’ என்றால் சுற்று, முறுக்கு. ஆக, ‘சுற்றும் வாத்தியம்’ என்று நேரடியான பெயர். நியெனியெரே என்றும் ஒரு பெயர் உண்டு. சொல்லிப் பாருங்கள், அதன் சத்தமே அந்தப் பெயருக்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதன் குடும்பத்துக்கு ஹர்டி-கர்டி என்று பெயர். அதே பெயரை, தெருவில் கைப்பிடியைச் சுற்றினால் தானாகவே பாட்டு வரும் குழல்பெட்டிக்கும் வைத்துவிட்டதால் பெரிய குழப்பம். குழல்பெட்டியில் பாட்டு முன்பே பதிந்திருக்கும், சுற்றுபவருக்கு இசை தெரிய வேண்டியதில்லை. தெகெரோவில் எதுவும் பதிந்திருக்காது. ஒவ்வொரு ஸ்வரத்தையும் வாசிப்பவர்தான் பிறப்பிக்க வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், இது வில்லுக்குப் பதிலாகச் சக்கரம் வைத்த வயலின். பெட்டிக்குள் ஒரு மரச்சக்கரம் இருக்கிறது. அதன் விளிம்பில், வயலின் வில்லுக்குத் தேய்க்கும் அதே ரோசினை, அதாவது மரப்பிசினை, தேய்த்திருப்பார்கள். கைப்பிடியைச் சுற்றினால் சக்கரம் சுழன்று தந்திகளை உரசும். வில்லுக்கு முனை உண்டு, ஒரு கட்டத்தில் திருப்பித்தான் ஆக வேண்டும். சக்கரத்துக்கு முனையே இல்லை. அதனால் சத்தம் அறுபடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். சக்கரம் தொடும் இடத்தில் ஒவ்வொரு தந்தியிலும் கொஞ்சம் பஞ்சைச் சுற்றியிருப்பார்கள். இந்தப் பஞ்சில்தான் பாதி வித்தை இருக்கிறது. குறைந்தால் தந்தி கீச்சிடும், கூடினால் குரல் மங்கிப்போகும். வாசிக்க உட்காரும் முன் பஞ்சைப் பிரித்து, விரலில் உருட்டி, மறுபடி சுற்றி, சரி பார்ப்பது இந்த வாத்தியக்காரர்களின் அன்றாடம்.

பாட்டு வாசிக்கும் தந்தி, கட்டைகள் அடுக்கிய ஒரு நீளப் பெட்டிக்குள் ஓடுகிறது. கட்டையை உள்ளே தள்ளினால், அதில் செருகியிருக்கும் சின்ன மரச்செதில் தந்தியைத் தொட்டு அதன் நீளத்தைக் குறைக்கும், ஸ்வரம் ஏறும். விரலை எடுத்தால் கட்டை தன் எடையாலேயே கீழே விழுந்து பழைய இடத்துக்குப் போய்விடும். வில்சுருள் எதுவும் கிடையாது. வாத்தியத்தைச் சற்றே சாய்த்துப் பிடிப்பது இதற்காகத்தான். ஹங்கேரிய தெகெரோவில் இந்தக் கட்டைப்பெட்டி அகலமானது, சுருதித் தந்திகளும் அதற்குள்ளேயே ஓடுகின்றன. மேற்கு ஐரோப்பிய வாத்தியங்களில் அவை வெளியே, பெட்டியின் இரு பக்கமும் போகும். படத்தைப் பார்த்த உடனே ஹங்கேரிய வாத்தியத்தை அடையாளம் காண இது நல்ல வழி.

வழக்கமாக மூன்று தந்திகள். ஒன்று பாட்டுக்கு, ஒன்று கனத்த சுருதிக்கு. மூன்றாவதுதான் என்னை இந்த வாத்தியத்தின்மேல் பைத்தியமாக்கியது. அதன் பெயர் ரெச்செகோ. கிறீச்சிடுவது, கரகரப்பது என்று பொருள்.

ரெச்செகோ தந்தியைத் தாங்கும் குதிரை (தம்புராவில் தந்தி தாங்கும் கட்டையை நாம் குதிரை என்கிறோமே, அதேதான்) முழுதாக ஒட்டப்பட்டிருக்காது. அதன் ஒரு கால் மேற்பலகையில் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும். சக்கரம் சீராகச் சுழலும்வரை அந்தக் கால் அமைதியாக இருக்கும். மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி, ஒரு நொடி சக்கரத்தை வேகப்படுத்தினால், தந்தியின் இழுப்பில் அந்தக் கால் துள்ளிப் பலகையை அடிக்கும். ‘ர்ர்’ என்று ஒரு கரகரப்பு. ஒரு சுற்றுக்குள் எத்தனை வெட்டு, எந்த இடத்தில் வெட்டு என்பதை வைத்து ஆட்டத்தின் தாளம் முழுவதையும் அமைத்துவிடலாம். பிரெஞ்சுக்காரர்கள் இந்தத் துள்ளும் குதிரைக்கு ‘நாய்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு மெல்லிய வெட்டுக்கு அது குரைக்க வேண்டும் என்பதை ஹங்கேரியில் ஒரு சின்ன மர ஆப்பு தீர்மானிக்கிறது. தந்தியை அது கீழே அழுத்திவைக்கும். அழுத்தத்தை ஒரு மயிரிழை கூட்டிக் குறைப்பதுதான் நல்ல வாசிப்புக்கும் வெறும் இரைச்சலுக்கும் உள்ள தூரம்.

தம்புராவில் தந்திக்கு அடியில் நூலை நகர்த்தி நகர்த்தி ரீங்காரத்தைக் கொண்டுவருவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். இரண்டிலும் தந்தி தன் ஆதாரத்தோடு லேசாக மோதுவதில்தான் உயிர் இருக்கிறது. ஆனால் தம்புரா அந்த ரீங்காரத்தை விட்டுவிடாமல் தொடர்ந்து தருகிறது. தெகெரோ அதை வெட்டி வெட்டித் தாளமாக்கிவிடுகிறது. தம்புரா கேட்பவரை உட்கார வைக்கும், தெகெரோ எழுந்து ஆட வைக்கும்.

இந்தக் குடும்பம் ஹங்கேரியில் பிறந்தது இல்லை. ஸ்பெயினின் சான்டியாகோ தே கொம்போஸ்தெலா பேராலயத்தில், 1188 என்ற ஆண்டு பொறித்த நுழைவாயிலில், இதன் முன்னோரான பெரிய வாத்தியத்தை இரண்டு முதியவர்கள் சேர்ந்து மடியில் வைத்திருக்கும் சிற்பம் இருக்கிறது. ஒருவர் சுற்ற, மற்றவர் ஸ்வரம் பிடிக்க. பிறகு அது சிறுத்து ஒரே ஆள் வாசிப்பதாகி, ஐரோப்பா முழுக்கச் சுற்றியது. பிச்சைக்காரர் கையிலும் இருந்தது, பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் சீமாட்டிகள் மடியிலும் இருந்தது. ஹங்கேரியின் எஸ்டர்ஹாசி பிரபுக்களிடம் வேலை பார்த்த இசையமைப்பாளர் ஹைடன்கூட, 1780-களின் பின்பாதியில் நேப்பிள்ஸ் அரசருக்காக இதன் குழல் சேர்த்த வகை ஒன்றுக்குக் கச்சேரிப் படைப்புகள் எழுதினார். அதே நாட்டின் குடியானவர்கள் வைத்திருந்த பெட்டிக்கும் அந்த அரண்மனைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அரண்மனை மோகம் வந்த வேகத்தில் போனது. டிசா கரையில் வாத்தியம் இருபதாம் நூற்றாண்டுவரை நிலைத்தது. சென்டெஷ், சோங்ராட் பக்கத்தில் கல்யாணத்துக்கும், குளிர்காலத்தில் பன்றி அறுக்கும் நாள் விருந்துக்கும் தெகெரோக்காரரைக் கூப்பிட்டார்கள். பெரும்பாலும் கூட ஒரு கிளாரினெட். அந்த ஜோடியைக் கேட்டால், கிளாரினெட் மேலே பறக்க, கீழே தெகெரோ ஒரு முழு ஊர் மேளம்போல நிலத்தை உதைக்கும்.

இந்த ஒற்றை ஆள் கணக்குதான் ஹங்கேரியின் பழைய வாத்தியங்கள் பலவற்றையும் விளக்குகிறது என்பது என் எண்ணம். அவை அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் தனித்தனி விநோதங்களாகத் தெரியும். ஆட்டக்களத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே கேள்விக்குச் சொன்ன வெவ்வேறு பதில்கள்: காசில்லாத ஊரில், ஒருவரோ இருவரோ சேர்ந்து, ஆட வந்த கூட்டத்தை எப்படி விடியும்வரை நிறுத்திவைப்பது?

டுடாவை எடுத்துக்கொள்வோம். ஹங்கேரியத் தோற்பை வாத்தியம், இடையர்களுடையது. ஆட்டுத்தோலோ நாய்த்தோலோ பையாக இருக்கும். வாயால் ஊதிப் பையை நிரப்பி, கையிடுக்கில் அழுத்தி வாசிப்பார்கள். பாட்டுக்குழலின் தலையில் மரத்தில் செதுக்கிய ஆட்டுத்தலை ஒன்று, கொம்போடு, நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். தோளில் சாயும் நீளக் குழல் ஓயாமல் அடிச்சுருதி பிடிக்கும். இதுவரை ஸ்காட்லாந்துத் தோற்பையைப் பார்த்தவர்களுக்குப் புதிதாக எதுவும் இல்லை. ஆனால் பாட்டுக்குழலை உற்றுப் பாருங்கள். ஒரே மரத்துண்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துவாரக் குழாய்கள். ஒன்று பாட்டு வாசிக்கும். கோன்ட்ரா எனப்படும் மற்றதில் ஒரே ஒரு துளைதான். அதைத் திறந்தால் ஆதார ஸ்வரம், மூடினால் கீழ்ப் பஞ்சமம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சுண்டுவிரல் அந்த ஒற்றைத் துளையைத் திறந்து மூடி, ‘ச-ப-ச-ப’ என்று ஒரு தாளத்தை ஓட்டும். தெகெரோவில் மணிக்கட்டு செய்யும் வேலையை இங்கே சுண்டுவிரல் செய்கிறது.

பாட்டுத் துளைகளில் மேலே உள்ளது மிகச் சிறியது. அதன் பெயர் ‘தெள்ளுப்பூச்சித் துளை’. அதைத் திறந்தால், வாசித்துக்கொண்டிருக்கும் ஸ்வரம் எதுவானாலும் ஏறத்தாழ அரைஸ்வரம் உயர்ந்துவிடும். இடையன் ஒருவன் கத்திமுனையால் போட்ட ஒரு ஊசித்துளை, வாத்தியம் முழுவதற்கும் புதிய ஸ்வரங்களைக் கொடுத்துவிடுகிறது. இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

டுடாக்காரரைப் பற்றிக் கதைகளும் நிறைய. டுடா கற்க வேண்டுமானால் நரகத்துக்குத்தான் போக வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த நாட்டுப்பாட்டுச் செய்தி. பேர்போன டுடாக்காரரின் வாத்தியம் சுவரில் ஆணியில் தொங்கியபடியே தானாக வாசிக்கும் என்றும் நம்பினார்கள். அதே டுடா கிறிஸ்துமஸ் காலத்தில் பெத்லகேம் நாடகத்தில் இடையர்களோடு வீடுவீடாகப் போகும். பிசாசும் குழந்தை இயேசுவும் ஒரே வாத்தியத்தைப் பங்கிட்டுக்கொண்டதில் ஊராருக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை.

இன்னும் வியப்பானது ஊட்டோகார்டோன். இது இன்றைய ருமேனியாவுக்குள் இருக்கும் கீழைக் கார்பாத்திய மலைகளில், ஜிமெஷ் பள்ளத்தாக்கிலும் சீக் பகுதியிலும் வாழும் ஹங்கேரிய மொழிக்காரர்களின் வாத்தியம். பார்த்தால் முரட்டுத்தனமாகச் செதுக்கிய செல்லோ. மூன்று அல்லது நான்கு தந்திகள், எல்லாமே ஒரே ஸ்வரத்துக்கும் அதன் ஸ்தாயிக்கும் கூட்டியவை. ஆனால் வில் கிடையாது. வலக்கையில் ஒரு குச்சி, அதனால் தந்திகளை அடிப்பார்கள். இடக்கை ஒரு தந்தியை இழுத்துச் சுண்டும், அது விரற்பலகையில் ‘டக்’ என்று மோதும். அடி, சுண்டு, அடி, அடி. தந்தி வாத்தியத்தின் உடம்பில் ஒரு மேளம் குடிவந்ததுபோல.

ஜிமெஷில் வழக்கம் என்னவென்றால், கணவன் வயலின், மனைவி கார்டோன். அங்கே நல்ல பெயர் பெற்ற ஜோடி ஜெர்குலா யானோஷும் அவர் மனைவி ஃபிகோ ரெகினாவும். யானோஷுக்குக் கண்பார்வை மிகக் குறைவு. இருவரும் சேர்ந்து பல பத்தாண்டுகள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசித்தார்கள். அவர்களுடைய ஒலிப்பதிவுகளைக் கேட்கும்போது வயலின் அடிக்கடி தாளத்தைச் சற்று முன்னே பின்னே இழுத்துக்கொண்டு போகும். கார்டோன் நிமிர்ந்தே பார்க்காமல் அதனோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். அந்தப் பள்ளத்தாக்கின் சில ஆட்டங்களின் தாளம் சம அளவுகளில் விழாது, ஒரு அடி நீண்டும் ஒரு அடி குறுகியும் இருக்கும். எழுதிப் படித்து இதைப் பிடிக்க முடியாது. ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்களுக்குள் வரும் ஒத்திசைவு அது.

சிட்டெரா இவற்றையெல்லாம்விட எளியது, அதனாலேயே அதிகம் பரவியது. மேசைமேல் வைத்து வாத்துச்சிறகின் தண்டால் மீட்டும் தந்திப்பெட்டி. முன்பக்கத் தந்திகளில் பாட்டு, மற்றவை சுருதி. வீட்டில் கிடக்கும் பலகையில் யாரும் செய்துகொள்ளலாம். சுருதித் தந்திகளுக்காகப் பக்கவாட்டில் முளைக்கும் சின்னத் தலைகளை ‘குட்டி’ என்பார்கள், நுனியில் குதிரைத்தலை செதுக்குவார்கள். 1969-70-இல் ஹங்கேரியத் தொலைக்காட்சியில் ‘ரோபூய் பாவா’ என்ற நாட்டுப்பாடல் போட்டி பெரும் பரபரப்பானது. அதைத் தொடர்ந்து ஊர்தோறும் பாட்டுக்குழுக்கள் எழுந்தபோது சிட்டெராவும் அவற்றோடு ஊன்றிக்கொண்டது. ஃபுருயா என்ற ஆறு துளைப் புல்லாங்குழல் இடையர்களிடம் எங்கும் உண்டு. பானை வாயில் தோலைக் கட்டி, நடுவில் நாணல் குச்சி நட்டு, ஈரக்கையால் உருவினால் உறுமும் கொச்சொக்டுடா, சிட்டெராவுக்கு அடிச்சுருதிபோலத் துணை போகும்.

ஹங்கேரிய வாத்தியம் என்றதும் உலகம் நினைப்பது சிம்பலோமை. சரிவகப் பெட்டியில் நிறையத் தந்திகளை இழுத்துக்கட்டி, பஞ்சு சுற்றிய இரண்டு குச்சிகளால் தட்டுவது. காஷ்மீரின் சந்தூரும் இதே பெரிய குடும்பம்தான். கழுத்தில் மாட்டி எடுத்துப்போகும் சின்ன வகையாக இருந்ததை, 1874-இல் புடாபெஸ்டில் ஷுண்டா யோஜெஃப் கால் வைத்த, மிதி பொருத்திய பெரிய கச்சேரி வாத்தியமாக மாற்றினார். ஜெனீவாவில் ராட்ஸ் அலாடார் வாசிக்கக் கேட்டு மயங்கிய ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி தன் படைப்புகளில் அதைச் சேர்த்தார். ஹங்கேரிய இசையமைப்பாளர் கொடாய் 1926-இல் ‘ஹாரி யானோஷ்’ இசை நாடகத்தில் அதற்குப் பெரிய இடம் கொடுத்தார். சிம்பலோமுக்கு யாரும் பரிந்து பேச வேண்டியதில்லை. அது ரோமா (ஜிப்ஸி) இனத்தவரின் வயலின் கோஷ்டிகளின் நடுவில் உட்கார்ந்து பிழைத்துக்கொண்டது.

அந்தக் கோஷ்டிகள்தான் தெகெரோவையும் டுடாவையும் ஓரங்கட்டின. பதினெட்டாம் நூற்றாண்டு முதலே ரோமா இசைக்கலைஞர்கள் ஹங்கேரியில் தொழில்முறைக் கோஷ்டிகளாக வளர்ந்தார்கள். பிஹாரி யானோஷ் (1764–1827) போன்ற வயலின் மேதைகளின் புகழ் ஹங்கேரிக்கு வெளியேயும் எட்டியது. வயலினுக்கு மேலும் கீழும் எல்லா ஸ்வரமும் வரும், புதிய மோஸ்தர்ப் பாட்டுகளுக்கு அது உடனே வளையும். டுடாவின் ஒற்றைச் சுருதியில் அந்தப் புதுப் பாட்டுகள் உட்காராது. பிறகு அக்கார்டியனும் பித்தளை வாத்தியங்களும் வந்தன. ஊர்க்காரர்கள் மோசமான இசைக்கு மாறினார்கள் என்று இதைச் சொல்வது நியாயம் இல்லை. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் முழுக் கோஷ்டியைக் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். ரோமா கலைஞர்கள் அந்தப் பழைய பாட்டுகளில் எவ்வளவோவற்றைத் தங்கள் விரல்களில் காப்பாற்றியும் வைத்திருந்தார்கள்.

இசையமைப்பாளர் பேலா பார்டோக்கும் கொடாயும் 1905-06 வாக்கில் ஒலிப்பதிவு உருளைகளோடு ஊர்ஊராகக் கிளம்பியபோது, டுடா ஏற்கெனவே அருகிக்கொண்டிருந்தது. 1910-இல் ஹோன்ட் பகுதி இடையர்களின் டுடாவையும் கொம்பையும் பார்டோக் பதிவுசெய்தார். அந்தச் சத்தம் அவரை விடவே இல்லை. இரு வயலின்களுக்காக எழுதிய 44 இணைப்பாடல்களில் 36-ஆவது டுடாவைத்தான் பாடுகிறது. ‘மிக்ரோகோஸ்மோஸ்’ பியானோத் தொகுதியிலும் 138-ஆவதன் தலைப்பு டுடா இசை. பியானோவில் இடக்கை அசையாத அடிச்சுருதியைப் பிடித்துக்கொள்ள, வலக்கை கீச்சிட்டு ஓடும் இடங்களைக் கேட்டால், ஆட்டுத்தலைக் குழல் கண்முன் வரும்.

தெகெரோவைப் பொறுத்தவரை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மனிதரில் வந்து நின்றது என்று சொல்லலாம். பார்ஷோன் மிஹாய் (1915–1989), டிசா கரையில் டிசாஉய்ஃபாலு ஊர்க்காரர். வாத்தியத்தைச் செய்யவும் தெரியும், வாசிக்கவும் தெரியும். சக்கரத்தை எப்படி வட்டம் பிசகாமல் கடைவது, ரெச்செகோவின் ஆப்பை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் புத்தகத்தில் இல்லை, அவர் கையில் இருந்தது. அந்தக் கையைத் தேடிக்கொண்டு நகரத்து இளைஞர்கள் போகக் காரணம் இருந்தது.

1972 மே 6 அன்று புடாபெஸ்டின் லிஸ்ட் சதுக்கத்தில் இருந்த புத்தக மன்றத்தில் முதல் ‘டான்ட்ஸ்ஹாஸ்’ நடந்தது. ஆட்ட வீடு என்று பொருள். இன்றைய ருமேனியாவில் இருக்கும் டிரான்சில்வேனியாவின் சேக் கிராமத்தில் இளைஞர்கள் வாடகைக்கு ஒரு வீடு பிடித்து ஆடும் வழக்கத்தைப் பார்த்து வைத்த பெயர். செபோ ஃபெரென்ட்ஸும் ஹல்மோஷ் பேலாவும் வாசித்தார்கள். ஆட்டத்தை ஆராய்ந்து பதிவுசெய்துவந்த மார்டின் டியோர்டியின் அறிவு பின்னால் நின்றது. மேடையில் குழு ஆட, கீழே மக்கள் பார்க்கும் அரசு விழாப் பாணியை இது தலைகீழாக்கியது. வந்தவர் எல்லோரும் ஆட வேண்டும், ஆட்டத்துக்கு நேரில் வாசிப்பு வேண்டும். இந்தக் கற்பிக்கும் முறையை 2011-இல் யுனெஸ்கோ, மரபுகளைக் காக்கும் நல்ல வழிமுறைகளின் பட்டியலில் சேர்த்தது.

அது இந்த வாத்தியங்களுக்கு ஏன் உயிர் கொடுத்தது என்பதை யோசித்தால் நம் பழைய கேள்விக்கே வருவோம். இவை உட்கார்ந்து கேட்பதற்காகச் செய்தவை இல்லை. கச்சேரி அரங்கில் தெகெரோவைக் கேட்டால், ஸ்வரம் குறைவு, சத்தம் கரடுமுரடு என்றுதான் தோன்றும். நாற்பது பேர் மரத்தரையில் காலைத் தட்டி ஆடும்போது அந்த ‘ர்ர்’ எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆட்டம் திரும்பி வந்ததும் வாத்தியங்களுக்கு வேலை திரும்பி வந்தது. செபோ தெகெரோவைத் தன் பாடல்களுக்கு எடுத்துக்கொண்டார். கோப்சோஷ் கிஷ் தமாஷ் அதோடு பாடினார். மண்டெல் ரோபெர்ட் அதை நாடுநாடாகக் கொண்டுபோனார். செரேனியி பேலா செய்தும் வாசித்தும் கற்றுக்கொடுத்தும் ஒரு தலைமுறையை உருவாக்கினார். 2007 முதல் புடாபெஸ்டின் லிஸ்ட் இசைக்கழகத்தில் நாட்டுப்புற இசைக்கென்றே துறை இருக்கிறது.

கற்க வருபவர் கட்டைகளைத் தொட அவசரப்படக் கூடாது. முதலில் சக்கரம். வேகம் ஏறாமல், இறங்காமல், சத்தம் ஒரே கோடாக நிற்கும்வரை சுற்ற வேண்டும். அது கைக்கு வந்தபிறகு, ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு வெட்டு. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நாய் குரைத்தால், அடுத்தது இரண்டு வெட்டு.